பழைய சொகுசு காரா, புதியதா? காலையில் போய்ப் பாருங்கள்

பழைய சொகுசு காரையும் அதன் பிந்தைய தலைமுறையையும் ஓட்டிப் பார்த்து மட்டும் ஒப்பிடாதீர்கள். முந்தைய இரவே இரண்டையும் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் இன்ஜினை இயக்கும் முன் போய்ப் பாருங்கள். உதாரணமாக, 1979இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரான டபிள்யூ126இல் வண்டியைத் தாங்குவது பொதுவாக எஃகுச் சுருள்வில்தான். 1998இல் வந்த அதன் பிந்தைய தலைமுறையான டபிள்யூ220 பொதுவாகக் காற்று சஸ்பென்ஷனில், அதாவது காற்று நிரப்பிய பைகளின் மேல், நிற்கிறது. அதில் கசிவு இருந்தால் ஒரு மூலை மட்டும் இறங்கி, டயரின் மேல்பகுதி மட்கார்டுக்குள் மறைந்திருக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கம்ப்ரஸர் காற்றை அடைத்து வண்டியைத் தூக்கிவிடும். அப்புறம் குறை கண்ணில் படாது. பழைய காரில் துருவைத் தேடுங்கள், குறிப்பாக ஜாக்கி வைக்கும் இடங்களில். பெயின்ட் கொப்பளித்திருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். துருவில்லாத பழைய கார் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். சுருள்வில்லைப் பழுதுபார்க்கக் கணினி தேவைப்படாது.