பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சா? ஃபார்மட் பண்ணிடாதீங்க

போன மாசம் கோயில் நோட்டீஸ் பிரிண்ட் எடுக்க, இங்க மியான்மர்ல, யாங்கோன் அனவ்ரதா ரோட்டுப் பக்கம் ஒரு கடையில பென்டிரைவைக் குடுத்தேன். வீட்டுல வந்து சொருகிப் பார்த்தா தமிழ்ப் பாடம், தங்கச்சி கல்யாண போட்டோன்னு எல்லா ஃபோல்டர் மேலயும் குட்டியா ஒரு அம்புக்குறி, சைஸ் 2 கேபிதான். அவசரத்துல டபுள் கிளிக் வேற பண்ணித் தொலைச்சுட்டேன்.

2008ல வந்த கான்ஃபிக்கர் மாதிரி வைரஸ் எல்லாம் சொருகின உடனே ஆட்டோரன்ல தானா ஓடும். 2011ல மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்லயும் பென்டிரைவுக்கு அதை நிறுத்திருச்சு. அதனால இப்ப வைரஸ்காரனுக்கு நம்ம விரல் வேணும். நிஜ ஃபோல்டரை ஒளிச்சுட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வைப்பான், கிளிக் பண்ணா வைரஸும் ஓடும் ஃபோல்டரும் திறக்கும், சந்தேகமே வராது. ஃபைல் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

1. பென்டிரைவைக் கழட்டிட்டு முதல்ல கம்ப்யூட்டரை ஸ்கேன் பண்ணுங்க. நான் பென்டிரைவையே மூணு தடவ சுத்தம் பண்ணேன், மூணு தடவயும் திரும்ப வந்துச்சு, ஏன்னா வைரஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்துச்சு. விண்டோஸ் செக்யூரிட்டில முதல்ல அப்டேட் குடுங்க, பழைய பட்டியல வச்சுக்கிட்டு புது வைரஸைப் பிடிக்கறது கஷ்டம். அப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல டிஃபென்டர் (விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகி, வைரஸ் முழிக்கறதுக்கு முன்னாடியே தேடும். கால் மணி நேரம் ஆகும், டெஸ்க்டாப்பா இருந்தா தெருவுல "மீ லாபி"ன்னு (பர்மியத்துல 'கரண்ட் வந்துருச்சு') சத்தம் கேட்டப்புறம் ஆரம்பிங்க, நடுவுல கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து.

2. பென்டிரைவைச் சொருகி, திறக்காம, ரைட் கிளிக் பண்ணி ஸ்கேன்.

3. இங்கதான் ஒரு ராத்திரி போச்சு. வியூல ஹிடன் ஐட்டம்ஸ் டிக் பண்ணேன், ஒண்ணும் தெரியல. வைரஸ் ஃபோல்டரை சிஸ்டம் ஃபைல்னும் மாத்தி வச்சிருக்கும். ஆப்ஷன்ஸ் போய், வியூ டேப்ல "ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" டிக்கையும் எடுக்கணும், பயமுறுத்தும், எஸ் குடுங்க.

4. மங்கலா தெரியற ஃபோல்டரோட பிராப்பர்டீஸ்ல ஹிடன் டிக்கை எடுக்க விடாது, மல்லுக்கட்டாதீங்க. உள்ள இருக்கற போட்டோ, டாக்குமெண்டை மட்டும் கம்ப்யூட்டர்ல ஒரு புது ஃபோல்டருக்கு காப்பி பண்ணுங்க, திறந்து பாருங்க, எல்லாம் சரியா இருந்தா அப்புறம் பென்டிரைவை ஃபார்மட் பண்ணலாம்.

ஆன்டிவைரஸ் எதுன்னு கேட்டா, டிஃபென்டரே போதும்பேன். கிராக் பண்ண ஆன்டிவைரஸ் போடறது திருடன்கிட்டயே சாவியைக் குடுத்த கதை.

அப்டேட்: பேரே இல்லாம ஒரு ஃபோல்டர் இருக்குன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. அதுக்குள்ளதான் உங்க ஃபைல் எல்லாம் இருக்கும் அண்ணே, அழிச்சிடாதீங்க.

இன்னொரு அப்டேட்: டெஸ்க்டாப்ல ரெண்டு "டெஸ்க்டாப் டாட் இனி" வந்துச்சே, வைரஸான்னு நாலு பேரு கேட்டுட்டீங்க. அது விண்டோஸோடதுதான், மூணாவது ஸ்டெப்ல எடுத்த டிக்கைத் திரும்பப் போடுங்க, மறைஞ்சிரும்.