பாலிஇமைடு பூசாமல் திரவப் படிகத்தை வரிசையில் நிறுத்துவது

எல்சிடி திரை செய்யும் ஆலையில் கண்ணாடிமேல் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, 200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, வெல்வெட் உருளையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். அந்த அடுப்பும் உருளையும் இல்லாத பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலும் திரவப் படிகத்தின் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை பார்க்கும் பொருளின்) மூலக்கூறுகளைக் கண்ணாடிமேல் நிமிர்த்தி நிறுத்தலாம், ஒரே போக்கில் படுக்க வைக்கலாம்.

முதலில் சரக்கு. பாடநூலில் வரும் 5சிபி என்ற பொருள் சுமார் 24 முதல் 35 டிகிரி வரைதான் திரவப் படிகமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து அறை வெப்பமே 35-ஐத் தாண்டிவிடும். பால்போல் கலங்கியிருந்தது கண்ணெதிரே தண்ணீராகத் தெளியும். சரக்கு கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், குளிர்ந்தால் திரும்பக் கலங்கும். வெயில் காலத்துக்கு இ7 என்ற திரவப் படிகக் கலவையே ஏற்றது. ஏறத்தாழ 60 டிகிரி வரை தாங்கும்.

அடுத்தது கண்ணாடி. பாதித் தோல்வி இங்கேதான். ஸ்லைடைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புத் தடம் விடும். கடைசி அலசலில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாக வழிந்தால் சரி. பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் முக்கி உலர்த்துங்கள். தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. இதற்குமேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நிமிர்த்தி நிறுத்த லெசித்தின் (சோயாவிலும் முட்டை மஞ்சள் கருவிலும் உள்ள கொழுப்புப் பொருள்) போதும். 100 மில்லி ஆல்கஹாலில் 0.1 கிராம் போட்டு ஓர் இரவு வைத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் எடுங்கள். ஸ்லைடை அதில் முக்கி மெதுவாக, ஒரே சீராகத் தூக்கி, 60 டிகிரியில் காயவிடுங்கள். லெசித்தினின் தலை கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும், வால்கள் மேலே நீட்டி நிற்கும். படிக மூலக்கூறுகள் அவற்றின் இடையே செருகி நிமிரும். கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள் வரி விழுந்தால் கரைசல் கெட்டி, பாதியாக நீர்க்கச் செய்யுங்கள்.

படுக்க வைக்க வேண்டுமா? 1 மைக்ரான் வைரத் தூள் கலந்த மெருகுப் பசையைத் தாளில் தொட்டு, கண்ணாடிமேல் ஒரே கோட்டில் முப்பது முறை இழுங்கள். முன்னும் பின்னும் போகலாம், குறுக்கே மட்டும் போகக் கூடாது. பத்தமடைப் பாயில் கோரை ஒரே போக்கில் கிடப்பதுபோல் மூலக்கூறுகள் அந்தக் கீறல்களோடு ஒட்டிக் கிடக்கும். குறுக்கே கிடந்தால் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைய வேண்டும், வளைய ஆற்றல் செலவாகும். 1972-இல் இயற்பியலாளர் பெர்ரிமன் தந்த விளக்கம் இது. பாலிஇமைடு அளவுக்குப் பிடிப்பு இருக்காது. பசையைக் கழுவும்போதும் கீறலின் போக்கிலேயே துடையுங்கள்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 25 மைக்ரான் மைலார் (மெல்லிய பாலியஸ்டர் தாள்) கீற்றுகளை ஓரத்தில் வைத்து, கிளிப் போடுங்கள். இந்த அமைப்புதான் செல். 2 செ.மீ. சதுரத்துக்கு 10 மைக்ரோலிட்டர் திரவப் படிகம் போதும். இ7 என்றால் ஹாட்பிளேட்டில் 70 டிகிரிக்கு ஏற்றி, தெளிந்த நிலையிலேயே ஓரத்தில் சொட்டுவிடுங்கள். தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கலங்கிய நிலையில் நிரப்பினால் ஓடிய தடம் அப்படியே பதிந்துவிடும். 50 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஆறவிடுங்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் சன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு துகள் உட்கார்ந்தாலும் அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளி தெரியும்.

சோதிக்க, எல்சிடி மடிக்கணினியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் செல்லை வையுங்கள். மேலே பழைய கால்குலேட்டரிலிருந்து உரித்த போலராய்டு தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) பிடித்து, செல் இல்லாத இடம் கறுக்கும்வரை தாளைச் சுழற்றுங்கள். இப்போது செல்லை மட்டும் திருப்புங்கள். நிமிர்ந்த செல் எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே இருக்கும். லேசாக விரலால் அழுத்தினால் பளிச்சென்று ஒளிர்ந்து மீண்டும் கறுக்கும். படுத்த செல் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை கறுக்கும். நூல்போல் நெளிந்த கருங்கோடுகள் தெரிந்தால் எந்த ஒழுங்கும் வரவில்லை, கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்.

லெசித்தின் செல் நாளாக ஆக ஓரத்திலிருந்து வெளுக்கும். ஈரம் புகுந்து லெசித்தின் கண்ணாடியை விட்டு விலகுவதால் வருவது அது. அளவீடுகளை முதல் இரண்டு நாளிலேயே எடுத்துவிடுங்கள்.