பலெர்மோவில் கருத்தடைக் குளிசை வாங்குவது எப்படி?

பாப்பரசரின் வத்திக்கானைச் சூழ்ந்திருக்கும் இத்தாலியில் கருத்தடை கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்ற நினைப்பு இலங்கையிலிருந்து இங்கு வரும் நம் பெண்கள் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. கருத்தடையைப் பற்றிப் பிரசாரம் செய்வதே இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 553ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 1971இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவை இரத்துச் செய்தது. இன்று நம்மை அலைக்கழிப்பது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததுதான்.

ஆணுறைக்கு விளக்கம் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறது. பல ஃபார்மாச்சியாக்களின் (மருந்துக்கடைகளின்) வெளிச்சுவரில் காசு போட்டு எடுக்கும் இயந்திரமும் உண்டு. கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுபவர்களுக்கு அந்த இயந்திரமே உத்தமம்.

படி 1: பத்திரம்

சொஜோர்னோ (வதிவிட அனுமதி) உள்ளவர்கள் தெஸ்ஸெரா சனித்தாரியாவை (சுகாதார அட்டையை) எடுத்துக்கொள்ளுங்கள். விசா இல்லாதவர்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அரச மருத்துவமனையிலோ சுகாதார அலுவலகத்திலோ சிகிச்சை பெறுவதற்கு எஸ்.டி.பி. என்ற குறியீட்டு எண் தருவார்கள். ஆறு மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றிப் பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது.

படி 2: கொன்சுல்தோரியோ

1975ஆம் ஆண்டின் 405ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான குடும்பநல நிலையங்கள் இவை. குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டாம், கட்டணமும் இல்லை. மருத்துவமாதும் பெண்நோய் வைத்தியரும் இருப்பார்கள்.

பலர் வழிதவறுவது இங்கேதான். இணையத்தில் தேடினால் அரச நிலையங்களோடு கத்தோலிக்க அமைப்புகள் நடத்தும் தனியார் கொன்சுல்தோரியோக்களும் வந்து விழும். பெயர்ப் பலகையில் அதே சொல்தான். என் தோழி ஒருத்தி அப்படி ஓர் இடத்துக்குப் போய், உடல் வெப்பநிலையைக் காலையில் குறித்துவைக்கும் அட்டையோடு திரும்பி வந்தாள். அன்பாகத்தான் பேசினார்களாம், ஆனால் இயற்கை முறைக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே மாகாண சுகாதாரப் பிரிவின் பட்டியலில் உள்ள முகவரிக்கு மட்டும் போங்கள். தொலைபேசியிலேயே "புப்ளிக்கோ?" (அரச நிலையமா?) என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் காலையில்தான் திறந்திருக்கும். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் திறக்கும் நாள் எது என்றும் கேளுங்கள்.

மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைப் பார்க்க நம்மவர்கள் மலையேறும் ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். மொழி உதவியாளர் கிடைப்பாரா என்று முன்பதிவின்போதே விசாரியுங்கள்.

புகை பிடிப்பீர்களா, இரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியதா என்று கேட்பார்கள். கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் மறைக்காதீர்கள். எஸ்ட்ரோஜன் கலந்த குளிசை அந்தத் தலைவலி உள்ளவர்களுக்கு ஆகாது.

படி 3: ஃபார்மாச்சியா

தினமும் எடுக்கும் குளிசைக்கு ரிச்செத்தா (வைத்தியர் சீட்டு) கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதித் தருவது பொதுவாக ஆறு மாதத்துக்குச் செல்லும். ஒருமுறை காட்டியதும் எறிந்துவிடாதீர்கள். அதே தாளைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கலாம்.

அவசரக் குளிசை

இதற்கு ரிச்செத்தா வேண்டாம். உலிப்பிரிஸ்டல் உள்ள குளிசை 2015 முதல் வளர்ந்தவர்களுக்கும், 2020 முதல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் நேரடியாகக் கிடைக்கிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்றால் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்கலாம். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் முன்னதை 120 மணி நேரத்துக்குள், பின்னதை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இரண்டிலும் எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும்.

"பிள்ளோலா தெல் ஜொர்னோ தோப்போ" (மறுநாள் குளிசை) என்று கேட்டால் புரியும். வைத்தியர் சீட்டும் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும் என்பது 2015க்கு முந்திய கதை. என்னிடம் ஒரு கடையில் சீட்டு கேட்டார்கள். வாதாடாமல் அடுத்த தெருவுக்குப் போய் வாங்கினேன். கையிருப்பில் உள்ள மருந்தை விற்க மறுக்க மருந்தாளருக்கு உரிமையில்லை என்று 1938ஆம் ஆண்டு விதி இருக்கிறது. ஆனாலும் நேரம் ஓடும்போது சட்டம் பேசி என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தால் கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள். அன்று முறைப்படி திறந்திருக்கும் கடையின் முகவரி இருக்கும்.

பின்சேர்க்கை

இலங்கையில் எடுத்துவந்த குளிசையை நினைத்து "மிதுரி கிடைக்குமா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் இங்கு யாருக்கும் தெரியாது. பழைய அட்டையைக் கொண்டுபோய் அதிலுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் வைத்தியரிடம் காட்டுங்கள், ஈடான ஒன்றை எழுதித் தருவார். மூன்று மாத ஊசி போட்டு வந்தவர்கள் அடுத்த திகதி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இங்கு அது அதிகம் புழக்கத்தில் இல்லாததால் வேறு முறைக்கு மாறச் சொல்லக்கூடும். முன்பதிவு கிடைக்கவும் நாள் எடுக்கும்.