கோதுமையை நிறுத்திப் பார்க்கப் போகிறீர்களா? அவசரப்படாதீர்கள்

சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, கோதுமையை விட்டேன், இப்போது பரவாயில்லை என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நானும் அதில் ஒருத்திதான். விட்டு இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "டெஸ்ட் எடுத்துட்டு நிறுத்துனீங்களா, நிறுத்திட்டு வந்திருக்கீங்களா?"

அங்கேதான் பெரிய தப்பு. சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும், அது உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கும் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு தன் சொந்தப் புரதம் ஒன்றுக்கு எதிராகவே கிளப்பும் எதிர்பொருளைத் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்பொருள் குறையும், குடலும் மெல்ல ஆறும். அப்புறம் டெஸ்ட் எடுத்தால் நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். எனக்கு என்ன ஆனது தெரியுமா? விட்ட கோதுமையை ஆறு வாரம் தினமும் சாப்பிட்டு, பழைய உப்புசத்தையெல்லாம் திரும்ப அனுபவித்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். சீலியாக் இல்லை என்று வந்தது. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் இரண்டே நாளில் முடிந்திருக்கும்.

அது வடநாட்டுக்காரர்களுக்கு வரும் வியாதி, நமக்கெதற்கு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 23,000க்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்த எதிர்பொருள் இருந்தது, தெற்கே 0.10. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25. சுகருக்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறிய வீடுகள் இங்கே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ரத்தசோகை, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், குழந்தை வளராமல் நிற்பது இவற்றில் ஏதாவது இருந்தால் சொந்தப் பரிசோதனையே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

சரி, டெஸ்ட் முடிந்தது, சீலியாக் இல்லை, இப்போது நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்துகிறேன் என்கிறவர்கள் சப்பாத்தி, பரோட்டா, பிரெட்டோடு நின்றுவிடுவார்கள். ரவா உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல கம்பெனிகள் மைதா கலக்கின்றன, தினமும் சாம்பாரில் போட்டுவிட்டு "நான் கோதுமையே தொடவில்லை" என்போம். ராகி சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் கோதுமையும் உண்டு. சோயா சாஸும் அப்படித்தான். எனக்கு ரொம்ப நாள் தோன்றாதது மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், எந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவு உங்கள் கேழ்வரகு மாவோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். கோதுமையை நிறுத்திப் பார்த்த ஆறு வாரத்துக்கு மட்டும் வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டேன்.

இதற்காகக் காசைக் கொட்டி குளூட்டன் இல்லாத பிஸ்கட் வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம். பலவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. இட்லி, இடியாப்பம், அடை, கம்பங்கூழ் இருக்கிற ஊரில் அது எதற்கு?

இன்னொன்று, சப்பாத்தியை விடுகிற கையோடு பாலையும் சர்க்கரையையும் விடுவது. வயிறு சரியானால் எதனால் என்று எப்படித் தெரியும்? இதில் நிறையப் பேர் யோசிக்காத ஒரு ஆள் வெங்காயம். கோதுமையில் குளூட்டன் மட்டுமில்லை, ஃப்ரக்டான் என்ற ஒரு மாவுச்சத்தும் இருக்கிறது, அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. நார்வேயில், சீலியாக் இல்லாமலேயே குளூட்டனை ஒதுக்கி வாழ்ந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன் கலந்த தின்பண்டக் கட்டி (பார்), ஃப்ரக்டான் கலந்த பார், இரண்டும் இல்லாத பார் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவில், தொந்தரவு அதிகமானது ஃப்ரக்டானில்தான். குளூட்டனுக்கும் வெறும் பாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பரோட்டாவை விடும்போது சால்னாவையும் சேர்த்துத்தான் விடுகிறீர்கள், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுவதையும் விடுகிறீர்கள். பழி மட்டும் மைதா மேல்.

அதனால் தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம், என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது, தொந்தரவு பத்துக்கு எத்தனை என்று டைரியில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் முடிவு கட்டாதீர்கள், ஆறு வாரமாவது கொடுங்கள். அப்புறம் கட்டாயம் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பயந்துகொண்டு விட்டுவிடும் கட்டம் இது. வெங்காயம் பூண்டு இல்லாத பருப்போடு இரண்டு சப்பாத்தி, ஒரு வாரத்துக்கு. இன்னொரு வாரம் கோதுமையே இல்லாமல், இட்லிக்கு நிறைய வெங்காயச் சட்னி. எனக்கு முதல் வாரம் ஒன்றுமே ஆகவில்லை. இரண்டாவது வாரம் மூன்றாம் நாளே டைரியில் எட்டு என்று எழுதினேன்.