கையில் மாட்டும் குட்டிக் குறுக்குவில்

தண்டின் குறுக்கே வில்லை வைத்து, இழுத்த நாணை ஒரு விசையால் பிடித்து நிறுத்தி, விசையைத் தட்டி அம்பு விடுவதுதான் குறுக்குவில். அதைக் குட்டியாகச் செய்யத் தேவையானவை: பேன்சி ஸ்டோரில் ஐஸ் குச்சி ஒரு கட்டு. டாக்டர் நாக்கை அழுத்திப் பார்ப்பாரே, அந்த அகலக் குச்சி ஒன்று. மரத் துணி கிளிப், ஃபெவிகால், செருப்புத் தைக்கும் மெழுகு நூல், டெயிலர் கடையில் கேட்டால் கிடைக்கும் வெல்க்ரோ. வீட்டிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி, ஒரு மோதிரம், பழைய ஜீன்ஸ், ஸ்பாஞ்ச். இவ்வளவுதான். அம்புக்குக் காது குடையும் பட்ஸ், காகிதத் தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அக்கா மகன் கேட்டான் என்றுதான் இதில் இறங்கினேன். "மாமா, இன்னும் வேகமா போகணும்" என்று நச்சரித்தான். மாட்டேன் என்றுவிட்டேன். கையில் கட்டிய வில் உடைந்தால் தூக்கி எறிய முடியாது. சிம்பு நேராக முகத்துக்கு வரும். இதில் அழகு விசையில்தான், வேகத்தில் இல்லை. 1974இல் சீனாவில் தோண்டிக் கண்ட சுடுமண் வீரர்களோடு குறுக்குவில்லின் வெண்கல விசைகளும் கிடைத்தன. மரம் மக்கிப் போயும் விசை நின்றது.

முதலில் வில். மரத்தின் ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் ஐஸ் குச்சியாகப் பொறுக்குங்கள். ரேகை ஓரத்துக்குச் சாய்ந்தால் வளைக்கும்போதே டப்பென்று போய்விடும். காய்ந்திருக்கும்போதே இரு முனையிலும் சின்னக் காடி வெட்டிவிட்டு, பிறகு 1 மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறியதும் மெதுவாக வளைத்து, மெழுகு நூலை நாணாகக் கட்டி, அப்படியே ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். தூண்டில் நரம்பு முடிச்சில் வழுக்கும், வேண்டாம்.

அகலக் குச்சிதான் தண்டு. அதன்மேல் இரண்டு ஈர்க்குச்சிகளை, பட்ஸ் தண்டு உட்காரும் இடைவெளி விட்டு ஒட்டினால் தடம் தயார். வில்லை முன்முனையில் ஒட்டி, நூலாலும் இறுக்கிச் சுற்றுங்கள். நாண் ஈர்க்குச்சிகளின் முதுகை உரசியபடி போகவேண்டும்.

அடுத்தது கிளிப். வாய் விரல் பக்கம், வால் முழங்கைப் பக்கம் இருக்க, கீழ்க்காலை மட்டும் தண்டில் ஒட்டுங்கள். நாணை 2 செ.மீ. பின்னிழுத்தால் கிளிப்பின் வாய்க்குள் வரவேண்டும், அதுதான் அளவு. வாயும் ஈர்க்குச்சி முதுகும் ஒரே மட்டமா என்று கண்ணை இறக்கி வைத்துப் பாருங்கள். வாய் உயரமாக இருந்தால் நாண் அம்பின் தலைக்கு மேலே தாவிவிடும். அப்படியானால் கீழ்க்காலை உப்புத்தாளில் தேயுங்கள், அல்லது தடத்துக்கு அடியில் இன்னொரு குச்சி கொடுத்து உயர்த்துங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

மேல்வாலில் ஒரு நூல் கட்டி, தண்டில் துளையிட்டுக் கீழே இறக்கி, புறங்கை வழியாக நடுவிரல் மோதிரத்தில் முடியுங்கள். விரல் நீட்டியிருக்கும்வரை நூல் தளர்வு. முஷ்டியை மடக்கி மணிக்கட்டைக் கீழே சாய்த்தால் நூல் இழுபட்டு வாய் திறக்கும். பையன் குதித்ததே இதற்குத்தான். இரண்டு வால்களுக்கும் நடுவே பென்சில் துண்டு ஒன்றைச் செருகினால் விசை பூட்டிக்கொள்ளும். சுடப்போகும்போது மட்டும் எடுங்கள்.

கைப்பட்டைக்குப் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, வெல்க்ரோ தைத்தால் போதும். தண்டுக்கும் துணிக்கும் நடுவே 2 செ.மீ. ஸ்பாஞ்ச் வையுங்கள், வில் நுனி தோலில் உரசாது.

பட்ஸின் ஒரு பக்கப் பஞ்சை வெட்டிவிடுங்கள், நாண் அங்கேதான் தள்ளும். முன்பக்கப் பஞ்சை ஃபெவிகாலில் லேசாகத் தொட்டுக் காயவைத்தால் தலை கனத்து, தடுமாறாமல் நேராகப் போகும். அம்பில்லாமல் விசையைத் தட்டாதீர்கள். தள்ள அம்பு இல்லையென்றால் நாணின் வேகம் வில்லையே உடைக்கும்.

பல்குச்சி, ஊசி எதையும் அம்பாக வைக்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கொடியில் தொங்கும் செய்தித்தாளைக் குறிபாருங்கள். சுவர்ப் பல்லியைக் குறிவைத்தால் வில் அன்றே பரணுக்குப் போகும் என்று மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.