நெல் ரகங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலப்பு விதை, களை, காலம் தப்பிய உரம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் புதிதாக ரகங்களை ஒப்பிடுகிறவர்கள் மறுபடி மறுபடி சறுக்கும் இடங்கள் வேறு.

மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று

பெருநஷ்டம் இதனால்தான். மடைப்பக்கம் ஏடிடி 45, கடைசிப் பள்ளத்தில் சிஆர் 1009 சப் 1 என்று நட்டுவிட்டு, அறுவடையில் மூட்டையை எண்ணி ‘இந்த ரகம் தேறாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளத்தில்தான் நீர் தேங்கும். மேட்டில் போட்ட யூரியாவும் கரைந்து அங்கேதான் வந்து சேரும். மழை குறைந்த ஆண்டிலோ கண்மாய்த் தண்ணீர் அங்கே எட்டுவதற்குள் தீர்ந்துவிடும். மகசூல் வித்தியாசம் ரகத்தாலா, நிலத்தாலா என்று அப்புறம் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு போகம் வீண். அதைவிட எரிச்சல், அந்த முடிவை நம்பிப் பக்கத்து வயல்காரரும் விதையை மாற்றுவது.

சரிவை மேடு, நடு, பள்ளம் என மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் எல்லா ரகமும் இருக்க வேண்டும். எது எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர் போதும். பாத்திக்குப் பாத்தி நீர் வழியாதபடி தனித்தனி வாய்மடை வையுங்கள். பள்ளப் பட்டையில் அளவு குறித்த குச்சி நட்டு, எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்று எழுதிவையுங்கள். தூர் கட்டும் பருவத்தில் பயிர் முழுக்க மூழ்கினால், இரண்டு வாரம் வரை தாங்க சிஆர் 1009 சப் 1 ரகத்திலுள்ள சப் 1 மரபணு உதவும். முழங்காலளவு நீர் வாரக்கணக்கில் நின்றால் அதனால் பெரிய பலனில்லை. ஆழத்தைக் குறிக்காதவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

நாற்றின் வயது

110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் ஒரே நாளில் நாற்றுவிட்டு ஒரே நாளில் பறிக்காதீர்கள். குறுகிய கால ரகம் நாற்றங்காலில் 30 நாள் கிடந்தால் நட்டபின் தூர் குறையும். அதை 10 நாள் தள்ளி விதைத்தால் நடவு ஒன்றாக அமையும்.

வரப்போரக் குத்து

வரப்பை ஒட்டிய நெற்குத்துகளை எண்ணாதீர்கள். பாத்தியின் நடுவிலுள்ள குத்துகளை எண்ணுங்கள்.

ஈரத்தோடு எடை

22 சதவீத ஈரத்தில் 10 கிலோ நிற்கும் நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 9.07 கிலோ. 16 சதவீத ஈரத்தில் 10 கிலோ நிற்கும் நெல்லோ, அதே 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 9.77 கிலோ. ஈரமானி இல்லையென்றால் எல்லா மாதிரியையும் ஒரே களத்தில் காயவைத்து, எடை இனி இறங்காது என்ற பிறகு நிறுங்கள்.