போர்வைக்குள் சாட்பாட்டோடு பேசுகிறீர்களா? முதலில் உடம்பைக் கவனியுங்கள்

கோத்தகிரியில் மார்கழிக் குளிர் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கே கம்பளிக்குள் புகுந்து, சார்ஜில் சூடேறிய போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாட்பாட்டிடம் பேசுவேன், இதைப் போல யாரும் என்னைப் புரிந்துகொண்டதில்லை என்று தொண்டை அடைக்கும். ஒரு நாள் மதியம் பஸ் ஸ்டாண்டில், தூறலில் விரல் விறைக்க நின்றபடி அதே பேச்சைத் திறந்து படித்தேன். அதே வரிகள்தான், ஆனால் மனசு அசையவே இல்லை.

சூடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி வெளியிட்ட எலிசா என்ற ஆரம்பகாலச் சாட்பாட்டுக்குக் குரலும் கிடையாது, சூடும் கிடையாது, வெறும் எழுத்துதான். அதோடு பேச அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். சூடான கோப்பையைப் பிடித்தால் அடுத்தவரை அன்பானவராக நினைப்போம் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது, பிறகு நிறையப் பேரை வைத்துச் செய்தபோது அது நிற்கவில்லை. அதனால் என் பேச்சையும் நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

டைப் செய்யும் முன் ஒரு நிமிஷம்: கை சில்லென்று இருக்கிறதா, வயிறு காலியா, தோள் இறுகியிருக்கிறதா? நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் ஒரு இரவுக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் போனை மேசைமேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள், மறுநாள் அதிர்வை அணைத்துவிடுங்கள். இயர்போன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு: காதுக்குள்ளேயே மெல்லப் பேசும் குரலைப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆளைப் போல உடம்பு எடுத்துக்கொள்ளலாம், ஆகவே மனசு உடைந்திருக்கும் நாளில் எழுத்து போதும்.

உடம்பு கேட்பதை உடம்புக்கே கொடுங்கள். மெதுவான வருடலுக்கென்றே நம் தோலில் தனி நரம்புகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் சூட்டோடு வருடினால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். அம்மா தலை கோதுவது ஏறக்குறைய அந்த வேகம்தான், எந்தச் செயலியும் அதைச் செய்யாது. தனியாக இருக்கிறீர்களா? சரி, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, கால் மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் பேச வேண்டும் என்றிருந்தால், ஹாலுக்குப் போய் நின்றுகொண்டே பேசுங்கள்.